கல்லூரிக் கூடைப்பந்து கான்ஃபரன்ஸின் தேசிய மதிப்பை உயர்த்துவது எப்படி: அட்டவணை மேசையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மேல்தட்டு, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் டிவிஷன். அதில் 360க்கும் மேற்பட்ட ஆண்கள் அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற பல்கலைக்கழகக் குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. மார்ச் மாதத் தேசியப் போட்டியில் 68 அணிகளுக்கு இடம். 2025இல் அதில் 31 இடங்கள், பருவ இறுதியில் நடக்கும் கான்ஃபரன்ஸ் தொடர்களை வென்ற சாம்பியன்களுக்கு நேரடியாகப் போயின. மீதி 37ஐத் தேர்வுக் குழு நிரப்பியது. அந்த 37இல் உங்களுக்கு எத்தனை கிடைத்தது, போன அணிகளுக்கு என்ன சீட் (1 முதல் 16 வரையான வரிசை எண்) கிடைத்தது என்பதுதான் நடைமுறையில் ஒரு கான்ஃபரன்ஸின் மதிப்பு.

நான் ஒரு நடுத்தர கான்ஃபரன்ஸின் அலுவலகத்தில் பல வருடம் அட்டவணை வேலை பார்த்தவன். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். வந்த முதல் வாரமே, "நம்முடைய முதல் அணியை இன்னும் மேலே கொண்டுபோவது எப்படி?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை ஆறு மாதம் ஒத்திவைக்கலாம். வேலை தொடங்க வேண்டியது பட்டியலின் கீழ்ப்பாதியில்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொன்றும் முந்தியதன் மேல் நிற்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், எல்லா அணிகளின் கடந்த மூன்று வருட ஆட்டப் பட்டியல். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரணி, ஆடிய இடம் (சொந்தக் களமா, வெளியூரா, இரு அணிக்கும் சொந்தமில்லாத பொதுக் களமா), எதிரணியின் பருவ இறுதித் தரவரிசை, புள்ளி வித்தியாசம். ஒரே எக்செல் கோப்பில், ஒரே வடிவில். அணிகள் தாங்களே அனுப்பும் பட்டியலை நம்பி உட்காராதீர்கள். பொதுக் களத்தில் ஆடியதைச் சொந்தக் களம் என்று எழுதி அனுப்புவார்கள். அந்த ஒரு பிழை போதும், பின்னால் வரும் கணக்கெல்லாம் கோணலாகும்.

அடுத்து, ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்கள். எந்த அணி எந்த வருடம் எங்கே ஆடக் கடமைப்பட்டிருக்கிறது, விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது தெரியாமல் திட்டம் போட்டால் மே மாதத்தில் முழுதையும் அழித்து எழுத வேண்டியிருக்கும்.

மூன்றாவது, அதிகாரம். அட்டவணை விதி என்பது கான்ஃபரன்ஸை நிர்வகிக்கும் கமிஷனர் அனுப்பும் வேண்டுகோள் கடிதமாக இருந்தால் கோச்சுகள் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். பல்கலைக்கழகத் தலைவர்கள் வாக்களித்து நிறைவேற்றியதாக இருக்க வேண்டும், பணத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். இது இல்லாமல் இரண்டாம் படிக்குப் போவது வீண் வேலை.

2. எந்த அளவுகோலால் அளக்கிறார்கள் என்று பாருங்கள்

தேர்வுக் குழு கான்ஃபரன்ஸ்களைத் தரவரிசைப்படுத்துவதில்லை. தனித்தனி அணிகளைத்தான் பார்க்கிறது. ஆனால் ஒவ்வொரு அணியின் கணக்கிலும் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்கள் உங்கள் கான்ஃபரன்ஸுக்குள் ஆடியவை. ஆகவே பக்கத்து வீட்டின் தரம் உங்கள் வீட்டின் விலையை நிர்ணயிக்கிறது.

2018-19 பருவம் முதல் குழுவின் அடிப்படைக் கருவி நெட் என்ற தரவரிசை. அதற்கு முன் இருந்த ஆர்பிஐ வெற்றி தோல்வியை மட்டும் பார்த்தது. நெட் இரண்டைப் பார்க்கிறது: யாரை எங்கே வென்றீர்கள் என்பது ஒன்று. பந்து கையில் கிடைக்கும் நூறு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி எடுத்தீர்கள், எத்தனை கொடுத்தீர்கள் என்பதை எதிரணியின் பலத்துக்கும் களத்துக்கும் ஏற்பத் திருத்திய கணக்கு மற்றொன்று.

இந்தத் தரவரிசையை வைத்து ஒவ்வொரு ஆட்டமும் நான்கு பெட்டிகளில் ஒன்றில் விழுகிறது. குவாட் என்பார்கள். இந்த எண்களை மனப்பாடம் செய்யுங்கள். மேசைமேல் ஒட்டிவைத்தாலும் சரி.

குவாட் 1: எதிரணியின் தரவரிசை, ஆட்டம் உங்கள் சொந்தக் களத்தில் என்றால் 1–30, பொதுக் களத்தில் 1–50, வெளியூரில் 1–75.
குவாட் 2: சொந்தக் களத்தில் 31–75, பொதுக் களத்தில் 51–100, வெளியூரில் 76–135.
குவாட் 3: சொந்தக் களத்தில் 76–160, பொதுக் களத்தில் 101–200, வெளியூரில் 136–240.
குவாட் 4: அதற்குக் கீழே எல்லாம்.

குழுவின் தாளில் கென்பாம், டார்விக் போன்ற வேறு கணக்குகளும் உண்டு. 2024-25 முதல் டபிள்யூஏபி என்ற ஒன்றும் சேர்ந்தது: இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று விளிம்பில் நிற்கும் ஓர் அணி இதே அட்டவணையை ஆடியிருந்தால் எத்தனை வென்றிருக்கும், அதைவிட நீங்கள் எத்தனை கூடுதலாக வென்றீர்கள் என்று அது சொல்லும். பலவீனமான அணியைச் சொந்தக் களத்தில் வென்றால் இதில் ஏறக்குறையப் பூஜ்யம் கிடைக்கும். தோற்றால் ஏறக்குறைய முழுசாக ஒன்று போகும்.

வழக்கமான தவறு: குவாட் எண் ஆட்டம் நடந்த நாளில் முடிவாகிவிட்டது என்று நினைப்பது. மார்ச் வரை எதிரணி ஏற ஏற, இறங்க இறங்க அந்தப் பெட்டி மாறிக்கொண்டே இருக்கும். நவம்பரில் குவாட் 1 என்று கொண்டாடிய வெற்றி பிப்ரவரியில் குவாட் 3இல் கிடப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

3. கணக்கு டிசம்பர் 31க்குள் முடிந்துவிடும் என்பதை எல்லோருக்கும் புரியவையுங்கள்

இந்த ஒரு விஷயத்தைக் கோச்சுகள் கூட்டத்தில் புரியவைத்துவிட்டால் மற்றவை எளிது.

12 அணிகள் உள்ள கான்ஃபரன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அணியும் கான்ஃபரன்ஸுக்குள் 18 ஆட்டம், மற்ற கான்ஃபரன்ஸ் அணிகளோடு, பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில், வெளி ஆட்டம் 13. வெளியே ஆடுபவை மொத்தம் 156. உள்ளே ஆடுபவை 108. உள்ளே ஆடும் 108இலும் நம்மவரில் ஒருவர் வெல்ல, நம்மவரில் ஒருவர் தோற்கிறார். கான்ஃபரன்ஸின் மொத்தத்தில் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைத்தான் ஜனவரி முதல் நமக்குள் பங்குபோட்டுக் குடிக்கிறோம். குடம் பாதிதான் நிரம்பியிருந்தால், பிப்ரவரியில் எவ்வளவு விறுவிறுப்பாக ஆடினாலும் பாதிக்குடம்தான்.

2024-25இல் இது பளிச்சென்று தெரிந்தது. பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஒன்றான எஸ்இசியின் அணிகள் பருவகால வெளி ஆட்டங்களில் 185 வென்று 23 மட்டுமே தோற்றன. டிசம்பர் தொடக்கத்தில் இன்னொரு பெரிய கான்ஃபரன்ஸான ஏசிசியுடன் நடந்த நேருக்கு நேர் தொடரில் 14–2. அதற்குப் பிறகு எஸ்இசியின் கடைசி வரிசை அணியிடம் வெளியூரில் தோற்றாலும் யாருக்கும் பெரிய காயம் இல்லை. மார்ச்சில் 16 அணிகளில் 14 தேர்வாயின. அதற்கு முன் எந்தக் கான்ஃபரன்ஸும் 11ஐத் தாண்டியதில்லை. மறுபக்கம் ஏசிசியின் 18 அணிகளில் தேர்வானவை 4. டியூக் போன்ற பெரிய அணி இருக்கிற கான்ஃபரன்ஸ் அது. உச்சியில் ஓர் அணி மின்னினால் போதாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

4. கீழிருந்து தொடங்குங்கள்

எக்செல் கோப்பில் உங்கள் அணிகளை நெட் வரிசைப்படி அடுக்குங்கள். 75, 135, 160, 240 ஆகிய எண்களில் கோடு போடுங்கள். எந்த அணி எந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் கவனம் போக வேண்டியது அவற்றுக்கு.

இவற்றில் 75 தனி ரகம். இந்த ஒரு கோட்டில் மட்டும் இரண்டு கதவுகள் ஒன்றாகத் திறக்கின்றன. ஓர் அணி 82இல் இருந்தால், அதைச் சொந்தக் களத்தில் சந்திப்பவருக்கு அது குவாட் 3, அதன் ஊருக்குப் போய் ஆடுபவருக்குக் குவாட் 2. அதே அணி 74க்கு ஏறினால் முதலாவது குவாட் 2 ஆகிறது, இரண்டாவது குவாட் 1 ஆகிறது. ஓர் அணி எட்டே இடம் ஏறியதில் அதனுடன் ஆடிய மற்றவர்களின் 18 ஆட்டங்களும் ஒரு பெட்டி மேலே போகின்றன. உங்கள் முதல் அணியை 20இலிருந்து 12க்குத் தள்ளினால் மற்றவர்களுக்கு எதுவும் மாறாது. 20 என்றாலும் 12 என்றாலும் அது குவாட் 1தான்.

160க்கும் 240க்கும் கீழே கிடக்கும் அணிகளின் பாதிப்பு வேறு மாதிரி. அவற்றை வென்றால் பயனில்லை, தோற்றால் அந்தத் தோல்வி மார்ச் வரை முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். 2024இல் மிசூரி வேலி கான்ஃபரன்ஸின் இண்டியானா ஸ்டேட் 28 வெற்றி, 6 தோல்வியுடன் நெட்டில் முதல் 30க்குள் இருந்தது. கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் டிரேக்கிடம் தோற்றதும் தேசியப் போட்டிக்கு வெளியே நின்றது. அந்த அணி கையில் வைத்திருந்த குவாட் 1 வெற்றி ஒன்றே ஒன்று. அக்கம்பக்கத்தில் குவாட் 1 தரக்கூடிய வீடுகள் அதிகம் இல்லாத தெருவில் அது குடியிருந்தது.

5. வெளி ஆட்ட அட்டவணை: மூன்று தட்டு, மூன்று விதி

வேலையின் முக்கால் பங்கு இங்கேதான். புதியவர்கள் செய்யும் பெரும்பிழை, எல்லா அணிகளுக்கும் "பலமான அணிகளோடு ஆடுங்கள்" என்று ஒரே விதி போடுவது. பலமான அணியோடு ஆடித் தோற்பதால் கான்ஃபரன்ஸுக்குப் புண்ணியம் ஒன்றும் இல்லை.

மேல்தட்டு அணிகள் நான்கு: இவற்றுக்கு குவாட் 1, குவாட் 2 வாய்ப்பு வேண்டும். ஆனால் பெரிய பள்ளிகள் (பல்கலைக்கழகங்களை இங்கே அப்படித்தான் சொல்வோம்) நடுத்தர கான்ஃபரன்ஸின் நல்ல அணியைத் தங்கள் ஊருக்குக்கூட எளிதில் அழைக்க மாட்டார்கள். வென்றால் பெருமை இல்லை, தோற்றால் அவமானம். அதனால் வழி இரண்டு. ஒன்று, பொதுக் களத் தொடர்கள்: மாவி, பஹாமாஸ், லாஸ் வேகாஸ் போன்றவை. மூன்று நாளில் நல்ல எதிரணிகள் கிடைக்கும். இவற்றுக்கு ஓரிரு வருடம் முன்பே இடம் பிடிக்க வேண்டும். மற்றொன்று, இரண்டுக்கு ஒன்று ஒப்பந்தம்: இரண்டு தடவை அவர்கள் ஊரில், ஒரு தடவை நம் ஊரில். நம் ஊரில் ஆடும் ஆட்டத்தை மூன்றாம் வருடத்துக்குத் தள்ள ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்றாம் வருடம் அங்கே கோச் மாறியிருப்பார், விலகல் தொகையை வீசிவிட்டு நழுவுவார்கள்.

நடுத்தட்டு: இவை 13இல் 9, 10 வெல்ல வேண்டும். எதிரணிகள் 100 முதல் 200 வரை இருந்தால் சரி. இவற்றைப் போக்குவரத்து ஒப்பந்தமாக, அதாவது இந்த வருடம் நீ வா, அடுத்த வருடம் நான் வருகிறேன் என்று, இணையான கான்ஃபரன்ஸ்களோடு போடுங்கள். எஸ்இசி-ஏசிசி போல, மேக் கான்ஃபரன்ஸும் சன் பெல்ட் கான்ஃபரன்ஸும் 2023-24இல் தொடங்கியது போல, கான்ஃபரன்ஸோடு கான்ஃபரன்ஸ் பேசி முடித்தால் பன்னிரண்டு தொலைபேசி அழைப்புகள் ஒன்றாகும்.

கீழ்த்தட்டு: இங்கேதான் பணம் குறுக்கே வரும். பெரிய பள்ளிகள் சிறிய அணியைத் தங்கள் ஊருக்கு அழைத்து அடிப்பதற்குக் காசு கொடுக்கும். ஓர் ஆட்டத்துக்கு 80,000 முதல் 1,00,000 டாலர் என்பது வழக்கமான தொகை. எங்கள் கடைசி அணி ஒரு வருடம் இப்படி ஆறு ஆட்டங்களை ஏற்றது. அதன் விளையாட்டு இயக்குநரிடம் குறைக்கச் சொன்னேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "இதில்தான் என் பெண்கள் சாக்கர் அணிக்குப் பஸ் ஓடுகிறது. அதை நீங்கள் தருகிறீர்களா?"

நியாயமான கேள்வி. பலமான அணியிடம் 25 புள்ளியில் தோற்பதைக் கணக்கு ஓரளவு மன்னித்துவிடும். ஆனால் பத்து நாளில் நான்கு ஊர் பறந்து, காலில் கட்டுப்போட்டுக்கொண்டு ஆடும்போது 25 என்பது 40 ஆகிறது. திரும்பி வந்ததும், வெல்ல வேண்டிய ஆட்டத்தையும் சோர்வில் விடுகிறார்கள். அடி விழுவது அங்கே.

நாங்கள் செய்தது: ஆறை மூன்றாகக் குறைத்தோம். இழப்பில் பாதியைக் கான்ஃபரன்ஸ் பொதுநிதி ஈடுகட்டியது. காலியான மூன்று நாட்களில் தங்கள் தரத்து அணிகளைச் சொந்தக் களத்துக்கு அழைத்தார்கள். முதல் வருடம் 240 கோட்டைத் தாண்டவில்லை. நான் கூட்டத்தில் கொஞ்சம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். இரண்டாம் வருடம்தான் தாண்டினார்கள். இந்தப் பொறுமைக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று தட்டுக்கும் பொதுவான சில எச்சரிக்கைகள்:

முதல் டிவிஷனுக்கு வெளியே உள்ள கல்லூரிகளோடு ஆடும் ஆட்டம் நெட் கணக்கில் சேராது. ஒன்றுக்கு மேல் அனுமதிக்காதீர்கள். அது ஒரு நாள் சம்பளமில்லா வேலை.

எதிரணியின் பலத்தைக் கணிக்க மூன்று வருடச் சராசரியை மட்டும் நம்பியது ஒரு காலம். வீரர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பதிவேட்டின் வழியாகக் கல்லூரி மாறும் இந்தக் காலத்தில், ஏப்ரல் வரை 90இல் இருந்த அணி ஜூனில் 220 தரத்துக்கு வந்துவிடலாம். அதனால் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு நாட்களை ஜூன் வரை காலியாக வைக்கச் சொல்லுங்கள். போர்ட்டல் அடங்கிய பிறகு நிரப்புங்கள்.

மாவியிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள் வெளியூர் ஆட்டம் வைக்காதீர்கள். டிசம்பர் பரீட்சை வாரத்தை ஒட்டியும் வைக்காதீர்கள். இவை சின்ன விஷயங்கள் போலத் தோன்றும். எங்கள் மூன்று வருடக் கோப்பைப் பிரித்துப் பார்த்தபோது, தோற்கக் கூடாத ஆட்டங்களில் கணிசமானவை இந்த இரண்டு இடங்களில்தான் கிடந்தன.

எஸ்இசி 2013இலேயே இந்தப் படியைத் தொடங்கியது. அந்த வருடம் மூன்று அணிகள் மட்டும் தேர்வான பிறகு, அணிகள் தங்கள் வெளி அட்டவணையை அலுவலகத்திடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்று விதி வந்தது. 2016இலும் தேர்வானது மூன்றுதான். அந்த வருடம் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸின் முன்னாள் கமிஷனர் மைக் டிராங்கீஸை ஆலோசகராக அமர்த்தினார்கள். பள்ளிகளும் பெரிய கோச்சுகளுக்குப் பணம் இறைக்கத் தொடங்கியிருந்தன. மூன்று பதினாலாக ஒன்பது வருடம் பிடித்தது, அதுவும் அவ்வளவு பணம் இருந்தும். யாராவது உங்களிடம் இரண்டு வருடத் திட்டம் கேட்டால் இதைக் காட்டுங்கள்.

6. உள் அட்டவணை: எத்தனை, யாரோடு இரண்டு முறை

வெளி அட்டவணை ஓரளவு நிமிர்ந்த பிறகே உள்ளே கைவையுங்கள். உள் ஆட்டங்களைக் குறைத்தால் வெளியே ஆட இடம் கிடைக்கும். அந்த இடத்தை நல்ல ஆட்டங்களால் நிரப்ப வழி இல்லாதபோது குறைத்தால், அங்கே இன்னும் இரண்டு குவாட் 4 வந்து உட்காரும்.

வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் 2018-19இல் 18ஐ 16 ஆக்கியது. கொன்சாகா என்ற பெரிய அணி கீழ்த்தட்டு அணிகளோடு ஆடும் ஆட்டம் குறைந்தது, வெளியே ஆட வாய்ப்பு கூடியது. 2022இல் அங்கிருந்து மூன்று அணிகள் தேசியப் போட்டிக்குப் போயின. ஏசிசியும் 2025-26 முதல் 20ஐ 18 ஆக்கிவிட்டது.

எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை ஆட முடியாத கான்ஃபரன்ஸில், யாரை யாரோடு இரண்டாம் முறை மோதவிடுவது என்பது உங்கள் கையில் உள்ள இலவச ஆயுதம். மேல்தட்டை மேல்தட்டோடு இரண்டு முறை விடுங்கள். உச்சி அணியை அடி அணியோடு ஒரு முறையோடு நிறுத்துங்கள், அதையும் உச்சி அணியின் சொந்தக் களத்தில் வையுங்கள். கான்ஃபரன்ஸ் யுஎஸ்ஏ 2018-19இல் இன்னும் ஒரு படி போனது: 14 ஆட்டம் முடிந்ததும் புள்ளிப் பட்டியலைப் பார்த்து அணிகளைக் குழுவாகப் பிரித்து, கடைசி 4 ஆட்டங்களைக் குழுவுக்குள் வைத்தது. யோசனை அருமை. ஆனால் ரசிகர்கள் கடைசி நேரத்தில் பயணச்சீட்டு எடுக்க முடியாமல் திட்டுவார்கள், தொலைக்காட்சிக்காரர் முகம் சுளிப்பார். இதைத் தொடுவதற்கு முன் இருவரிடமும் பேசுங்கள்.

7. களத்தில்: புள்ளி வித்தியாசம்

நெட்டின் முதல் வடிவத்தில் வெற்றி வித்தியாசத்துக்கு 10 புள்ளி உச்சவரம்பு கொண்ட ஒரு கூறு இருந்தது. 2020-21 முதல் அது நீக்கப்பட்டது. இப்போது 12இல் வெல்வதும் 30இல் வெல்வதும் ஒன்றல்ல.

இதைக் கோச்சுகளிடம் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள். "ஓட ஓட விரட்டுங்கள்" என்று கேட்டால் பாதிப்பேர் கோபப்படுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: கடைசி எட்டு நிமிடத்தில் உள்ளே வரும் மாற்று வீரர்களும் முழுத் தடுப்பாட்டம் ஆட வேண்டும். 28 முன்னிலை 14 ஆகக் கரைவதில் எதிரணிக்கு மரியாதை எதுவும் இல்லை, சோம்பல்தான் இருக்கிறது. தோற்கும் ஆட்டத்திலும் இதே கதை. 9இல் முடிய வேண்டிய தோல்வியைக் கடைசி நிமிடத்தில் கைவிட்டு 19 ஆக்காதீர்கள்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பலவீனமான அணிகளைப் பெரிதாக அடித்து நெட்டை மட்டும் ஏற்றினால் குழுவின் கண்ணில் படும். எளிதான வெளி அட்டவணையைக் குழுவினர் பேட்டிகளில் சுட்டிக்காட்டத் தயங்குவதில்லை.

8. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அலுவலகம் செய்ய வேண்டியது

பருவத்தின் முதல் நெட் பட்டியல் டிசம்பர் தொடக்கத்தில் வரும். அன்று முதல் வாரம் ஒருமுறை நான்காம் படியின் கோடுகளை மறுபடி போடுங்கள். எந்த அணி எந்தக் கோட்டருகே நிற்கிறது என்று எல்லாக் கோச்சுகளுக்கும் ஒரே பக்கத்தில் அனுப்புங்கள். இரண்டு பக்கம் அனுப்பினால் படிக்க மாட்டார்கள்.

தேர்வுக் குழுவின் 12 உறுப்பினர்களுக்கும் ஆளுக்குச் சில கான்ஃபரன்ஸ்களைக் கண்காணிக்கும் பொறுப்பு உண்டு. உங்களைக் கவனிப்பவர் யார் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, யாருக்குக் காயம், எந்தெந்த ஆட்டம் முக்கிய வீரர் இல்லாமல் ஆடியது என்ற தகவலைத் தேதியோடு கொடுங்கள். வாதாடாதீர்கள், தகவல் போதும். மூன்று ஆட்டம் முக்கிய வீரர் இல்லாமல் தோற்றதை ஜனவரியிலேயே சொல்லியிருந்தால் அது செய்தி. மார்ச்சில் சொன்னால் சாக்கு.

பிப்ரவரியில் ஒரு வெளி ஆட்டத்துக்கு இடம் விட முடிந்தால் விடுங்கள். 2003 முதல் 2013 வரை ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி நடத்திய பிராக்கெட் பஸ்டர்ஸ் தொடர் இதைத்தான் செய்தது. 2006இல் ஜார்ஜ் மேசன் அணி அதில் விச்சிடா ஸ்டேட்டை அதன் ஊரிலேயே வென்றது. கான்ஃபரன்ஸ் தொடரில் தோற்றும் அந்த அணிக்கு இடம் கிடைத்தது. இறுதி நால்வர் வரை போனது. இன்று மேக்-சன் பெல்ட் தொடரின் பிப்ரவரிச் சுற்று அதே நோக்கத்தில் நடக்கிறது.

9. கான்ஃபரன்ஸ் தொடரின் வடிவம்

இதில் முடிவெடுக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: உங்களுக்கு வழக்கமாக ஒரே இடம்தானா, பல இடமா?

ஒரே இடம் என்றால் சிறந்த அணியைக் காப்பாற்றுங்கள். முதல் இரண்டு அணிகளை நேராக அரையிறுதிக்கு அனுப்பும் ஏணி வடிவம் சிறந்தது. சன் பெல்ட் 2025இல் அப்படித்தான் மாற்றியது. அல்லது உயர்வரிசை அணியின் சொந்தக் களத்தில் ஆடுங்கள். 12ஆம் சீட்டோடு போகும் அணிக்கும் 16ஆம் சீட்டோடு போகும் அணிக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 16ஆம் சீட் ஆண்கள் அணி முதல் சீட்டை வென்றது இரண்டே முறை, 2018லும் 2023லும்.

பல இடம் கிடைக்கும் கான்ஃபரன்ஸ் என்றால் இவ்வளவு காப்பு வேண்டாம். மேல் அணிகளுக்கு எப்படியும் இடம் உண்டு. நடுத்தட்டு அணி ஒன்று கோப்பையைத் தட்டிப்போனால் உங்களுக்கு ஓர் இடம் கூடும்.

10. வந்த பணத்தை எங்கே போடுவது

தேசியப் போட்டியில் ஓர் அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் (2025 வரை இறுதி ஆட்டம் தவிர) கான்ஃபரன்ஸுக்கு யூனிட் என்ற ஒரு பணப் பங்கு. ஆறு வருடம் பிரித்துத் தரப்படும் இதன் மொத்த மதிப்பு சுமார் 20 லட்சம் டாலர். 2022இல் 15ஆம் சீட்டாக வந்த செயின்ட் பீட்டர்ஸ் நான்கு ஆட்டம் ஆடியது. அதன் சின்ன கான்ஃபரன்ஸுக்கு அது சுமார் 80 லட்சம் டாலர் வருமானம்.

பிறகு நடந்ததையும் பாருங்கள். அந்த அணியின் கோச் ஷஹீன் ஹாலோவே அதே வசந்தத்தில் சீட்டன் ஹாலுக்குப் போய்விட்டார். 2024இல் இண்டியானா ஸ்டேட்டின் ஜாஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸுக்குப் போனார், அவருடைய நட்சத்திர வீரரும் பின்னாலேயே போனார். சாண் ஏறினால் முழம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

எனவே யூனிட் பணத்தை வந்தவுடன் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். மூன்று பங்காக ஒதுக்குங்கள். பெரிய பங்கு, சம்பாதித்த அணிக்கு: கோச்சின் ஒப்பந்தத்தை நீட்டவும் வீரர்களைத் தக்கவைக்கவும். அடுத்தது, ஐந்தாம் படியில் சொன்ன கீழ்த்தட்டு ஈட்டுநிதிக்கு. மீதி எல்லோருக்கும் சமமாக. அட்டவணை விதியை மீறிய அணிக்கு அந்தச் சமப் பங்கு கிடையாது என்று எழுதிவிடுங்கள்.

கோச் ஒப்பந்தத்தில் விலகல் தொகையையும் கவனியுங்கள். பெரிய பள்ளி வந்து கூப்பிட்டால் அவர் போகத்தான் போகிறார், தடுக்க முடியாது. ஆனால் அந்தத் தொகை அடுத்த கோச்சைப் பிடிக்கவும், வசந்தத்தில் போர்ட்டல் திறந்திருக்கும் அந்தச் சில வாரங்களில் மிச்ச வீரர்களை இருத்தவும் உடனே கையில் இருக்க வேண்டும். உங்கள் அணி தேசியப் போட்டிக்குத் தேர்வான ஞாயிற்றுக்கிழமை இரவே அதன் விளையாட்டு இயக்குநரை அழைத்து, கோச் போனால் அடுத்து யார் என்ற மூன்று பெயர்ப் பட்டியல் தயாரா என்று கேளுங்கள். "முதலில் ஆட்டம் முடியட்டும்" என்பார். விடாதீர்கள், அன்றைக்கே எழுதி வாங்குங்கள்.